நத்தைகுத்தி நாரையும் ஒரு கவுல் காகிதமும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள நெல்வயல்களில், மழை நின்று தண்ணீர் தேங்கியிருக்கும் மாதங்களில், ஒரு நாரை கூட்டமாக இறங்கும். சாம்பல் படிந்த வெள்ளை உடம்பு, இறக்கையின் ஓரத்திலும் வாலிலும் மினுமினுக்கும் கருப்பு. அதன் அலகுதான் விசேஷம். மேல் அலகும் கீழ் அலகும் அடியிலும் நுனியிலும் மட்டும் சேரும். நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக எதிர்ப்பக்கத்து வெளிச்சமே தெரியும். குஞ்சாக இருக்கும்போது இந்தச் சந்து கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது.

இந்தப் பறவைக்கு மூன்று பெயர்கள் உண்டு. நம் ஊரில் நத்தைகுத்தி நாரை. பிரெஞ்சில் 'பெக்-ஊவேர்', அதாவது திறந்த அலகு. விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பெயர் 'அனாஸ்டோமஸ் ஆசிட்டன்ஸ்'. 'ஆசிட்டன்ஸ்' என்றால் கொட்டாவி விடுவது. பிரெஞ்சுக்காரன் அதன் முகத்தைப் பார்த்தான். லத்தீன்காரன் அது சோம்பலாக வாய் பிளந்திருப்பதாக நினைத்தான். நம் குடியானவன் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தான். வயலில் நத்தையைக் குத்தி எடுக்கிறது, ஆகவே நத்தைகுத்தி. மூன்றில் எது நல்ல பெயர் என்று கேட்டால் என் ஓட்டு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூன்று பெயர்களுக்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் பாதி நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியில் நடந்தது. மீதிப் பாதி, உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று நான் தங்கிவிட்ட இந்தப் பகுதியில், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நடந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை என்பதுதான் வேடிக்கை.

முதலில் புதுச்சேரிப் பாதியைச் சொல்கிறேன்.

பாரிசில் அரசரின் தோட்டத்துக்கும் அதன் சேகரிப்புகளுக்கும் தலைவராக இருந்தவர் புஃபோன் பிரபு. உலகத்துப் பறவைகளை எல்லாம் ஒரு நூல் வரிசையில் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தவர். கப்பல்களில் வந்து சேரும் பாடம் செய்த பறவைகளை வைத்துத்தான் அவர் எழுதினார். மார்த்தினே என்ற செதுக்குக் கலைஞர் ஆயிரம் தகடுகளுக்குக் குறையாமல் படம் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். அந்தப் பறவைகளில் ஒன்று புதுச்சேரியிலிருந்து போன நத்தைகுத்தி. 1780-இல் வெளிவந்த பாகத்தில் புஃபோன் அதை வர்ணித்தார். அவர் லத்தீன் பெயர் வைக்கும் வழக்கத்தில் நம்பிக்கை இல்லாதவர். அதனால் 1783-இல் போடார்ட் என்ற டச்சுக்காரர் அந்தப் படங்களுக்கெல்லாம் ஒரு அட்டவணை போட்டு லத்தீன் பெயர்களைச் சூட்டினார். அந்த அட்டவணை ஐம்பது பிரதிதான் அச்சானது என்பார்கள். ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு அது வெறும் இன்டெக்ஸ். ஆனால் அந்த இன்டெக்ஸில் எழுதிய பெயர்தான் இன்றைக்கும் செல்லுபடியாகிறது.

ஆக, உலகம் முழுவதும் உள்ள பறவை நூல்களில் இந்த நாரையின் மூல ஊர் புதுச்சேரி. அஸ்ஸாமில் பார்த்தாலும் தாய்லாந்தில் பார்த்தாலும் ஆதாரப் பத்திரம் நம் கடற்கரையிலிருந்து போனதுதான்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஆரம்பப் பாடப் புத்தகத்தில் 'சிகோஞ்' என்று ஒரு பறவை வரும். நாரை என்று அர்த்தம். அல்சாஸ் மாகாணத்தில் வீட்டுப் புகைபோக்கி மேல் கூடு கட்டும், அது வந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்றெல்லாம் படித்தோம். அந்தப் புகைபோக்கியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே ஊசுட்டேரியில் நின்ற நாரைகளை 'சிகோஞ்' என்று யாரும் எங்களுக்குக் காட்டித் தரவும் இல்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்காவது சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டு இருந்தது.

புதுச்சேரிப் பெயரைச் சுமந்து திரியும் பறவை இது ஒன்று மட்டுமல்ல. பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் சீனாவிலும் சுற்றி, 1782-இல் தம் பயண நூலை வெளியிட்டார். லியோன் நகரத்தில் பிறந்தவர். நம் கோயில்கள், கைத்தொழில்கள், சாதி வழக்கங்கள் எல்லாவற்றையும் எழுதியதோடு பறவைகளையும் எழுதினார். அவர் எழுதிய புதுச்சேரிக் கௌதாரிக்கு 1789-இல் 'பாண்டிசெரியானஸ்' என்று லத்தீன் பெயர் கிடைத்தது. நம் கரம்பில் 'கத்தீத்தர் கத்தீத்தர்' என்று விடியற்காலையில் கத்துகிற அதே கௌதாரிதான். பாகிஸ்தானிலும் ஈரானின் தென்பகுதியிலும்கூட அந்தப் பறவை உண்டு. அங்கேயும் அதன் விஞ்ஞானப் பெயர் நம் பாண்டிச்சேரிதான்.

சாம்பல் காட்டுக்கோழிக்குச் சொன்னராவின் பெயரையே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கோழிக்கு மூதாதை இதுதான் என்று அவர் வாதாடினார். பிற்பாடு டார்வின் முதலானோர், இல்லை, சிவப்புக் காட்டுக்கோழிதான் மூதாதை என்று தீர்த்தார்கள். 2008-இல் மரபணுவைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். இருநூறு வருஷம் கழித்து மனிதருக்குக் கால்வாசி வெற்றி.

அடுத்து வந்தவர் லெஷனோ. நெப்போலியன் யுத்தங்கள் முடிந்து 1816-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது, பிரெஞ்சு அரசு அவரைத் தாவரவியல் வேலைக்காக அனுப்பியது. 1822 வரை இருந்தார். சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, இலங்கை என்று சுற்றினார். செடிகளையும் விதைகளையும் பாரிசுக்கும் ரெயூனியன் தீவுக்கும் அனுப்பினார். கூடவே பறவைகளும் விலங்குகளும் போயின. முள்காட்டில் திரியும், செம்போத்துக்கு உறவான ஒரு பறவையும், ஒரு பழந்தின்னி வௌவாலும் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. அவர் போன பிறகு 1826-இல் ஏற்பட்டதுதான் புதுச்சேரியின் தாவரவியல் பூங்கா. பழைய பேருந்து நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது. பெரோத்தே என்பவர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து மரங்களைக் கொண்டுவந்து அதை வளர்த்தார்.

அக்காலத்தில் தாவரவியல் தோட்டம் என்பது உலாவும் இடமல்ல. அது ஒரு அலுவலகம். வெளியூர்ச் செடி உள்ளே வரும், உள்ளூர்ச் செடி வெளியே போகும், நடுவில் பெயர், எண், தேதி எழுதுவார்கள். கரும்பு, அவுரி, பருத்தி எது எங்கே விளையும், அதில் எவ்வளவு லாபம் என்று பார்ப்பதுதான் நோக்கம். பறவையும் அந்த வழியிலேயே போனது. இதில் நாம் சுலபமாக மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. அந்த நாளில் ஒரு பறவைக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் அது செத்தாக வேண்டும். துப்பாக்கியால் சுட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்து, பூச்சி அரிக்காமல் மருந்து தடவி, பெட்டியில் வைத்துக் கப்பலேற்ற வேண்டும். பெரிய மனிதர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பைனாகுலரும் கேமராவும் இல்லாத காலத்தில் வேறு வழி கிடையாது. ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டால்தான், அதே காலத்தில் புதுச்சேரிக்கு வடக்கே, தரைவழியில் இரண்டு மூன்று நாள் நடையில் நடந்த சங்கதியின் அருமை தெரியும்.

இனி இந்தப் பக்கம் வருவோம்.

புஃபோன் நத்தைகுத்தியை வர்ணித்த அதே 1780-இல் எங்கள் பகுதி எப்படி இருந்தது? காஞ்சிபுரத்தைச் சுற்றிய நாடு 1763-இல் ஆற்காட்டு நவாபு கும்பினிக்குக் கொடுத்த ஜாகீர். 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு கணவாய் இறங்கி வந்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த கொள்ளையும் எரிப்பும் ஜனங்கள் வாயில் 'ஹைதர் கலாபம்' என்ற பெயரோடு நிலைத்துவிட்டன. ஊர்கள் காலியாயின. பஞ்சம் வந்தது. ஏரிக்கரைகள் உடைந்து கவனிப்பாரற்றுக் கிடந்தன. தொண்டை மண்டலத்தில் ஏரி உடைந்தால் ஊர் இல்லை. இங்கே பெரிய ஜீவநதி ஏது? பாலாறு பெயருக்குத்தான் ஆறு. மழைநீரைத் தேக்கும் ஏரியும் தாங்கலும்தான் சோறு போடும்.

தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். வேடந்தாங்கல் ஏரி பெரியதல்ல. ஏறத்தாழ 30 ஹெக்டேர், நம் கணக்கில் 73 ஏக்கர் சொச்சம். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. தண்ணீர் ஏறியதும் மரங்கள் தீவுகளாகிவிடும். பாம்பும் கீரியும் எளிதில் போக முடியாது. அந்த மரங்களில் நத்தைகுத்தி, சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி வரை நெரிசலான குடியிருப்பு. குஞ்சுகள் பறந்ததும் காலி.

1794-இல் ஜாகீருக்குக் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். கண்டிப்பான துரை. வரியை உயர்த்தினார். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் எதிர்த்து ஊரைவிட்டு வெளியேறிய அளவுக்குச் சண்டை நடந்தது. பாளையக்காரர்களின் காவல் உரிமைகளைப் பறித்தார். ஆனால் ஏரிகளைப் பழுது பார்த்ததிலும் அவருக்குப் பெயர் உண்டு. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிற துரை இவர்தான். பெருமழையில் கரை உடையப் போகிறதே என்று இவர் ராத்திரியில் போய்ப் பார்க்க, வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் கரையில் காவல் நின்றார்கள் என்பது கதை. அந்தக் கோயில் திருப்பணியில் அவர் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது.

இவரிடம்தான் வேடந்தாங்கல் ஊரார் போனார்கள். சிப்பாய்கள் சிலர் ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டார்கள், ஊரார் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள், இனி யாரும் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கி வந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையைக் கொடுத்து ஊராருக்கு ஒரு கவுல் வழங்கப்பட்டது 1798-இல் என்பது வனத்துறையின் கணக்கு.

கவுல் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அரபிச் சொல். 'வாக்கு' என்று பொருள். ரெவின்யூ இலாகாவில் இருந்தவர்களுக்கு அது பழகிய வார்த்தை. தரிசு நிலத்தை உழ வரும் குடியானவனுக்கு, 'இத்தனை வருஷம் இத்தனைதான் தீர்வை, மேலே கேட்க மாட்டோம், பயமில்லாமல் பயிர் செய்' என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு அது. கலாபத்தில் ஓடிப்போன குடிகளைத் திரும்ப அழைக்க இப்படிப்பட்ட சீட்டுகள் நிறைய எழுதப்பட்ட காலம். நிலத்துக்கு வாங்குகிற அதே வகைக் காகிதத்தைப் பறவைக்கும் வாங்கினார்கள் வேடந்தாங்கல்காரர்கள். இதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவர்கள் துரையிடம் தயவு கேட்கவில்லை. இந்தப் பறவை எங்கள் சாகுபடியில் ஒரு பங்கு, நிலத்தைப் போலவே இதற்கும் உறுதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சாகுபடி பெருகினால் வரி பெருகும் என்று எண்ணுகிற கலெக்டருக்கு அந்த நியாயம் உடனே புரிந்திருக்கும்.

சாகுபடியில் பங்கு என்றால் என்ன? பறவைகளின் எச்சம்தான். ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் ஒரே ஏரிக்குள் எச்சமிட்டால், அதில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீரில் கரைகின்றன. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. பறவை பத்து இருபது மைல் தூரத்து ஏரிகளிலும் வயல்களிலும் போய் மீனும் நத்தையும் தின்று, சத்தை இந்த ஒரு ஏரியில் கொண்டுவந்து கொட்டுகிறது. உத்திரமேரூர் வயலில் தின்ற நத்தையின் சத்து வேடந்தாங்கல் நெல்லில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஜமாபந்தி வேலையாக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கோடைக்காலம். ஏரி வற்றி, மரங்கள் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் எச்சம் படிந்து வெறுமனே நின்றன. கரையில் உட்கார்ந்திருந்த வயதான குடியானவர் ஒருவரிடம், "பெரியவரே, பட்சிகளைச் சுடாம விட்டு வச்சதாலே உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேலே இருந்து அதுங்க போடுது சார், கீழே நாங்க மடை தொறக்கறோம். உர மூட்டைக்குத் தாலுகா ஆபீசாண்ட லைன்ல நிக்கறவன் நிக்கட்டும்" என்றார். தாலுகா ஆபீஸ்காரன் நான் வாயை மூடிக்கொண்டேன்.

புண்ணியம், தர்மம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்தியால் காப்பாற்றியிருந்தாலும் தவறில்லை. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி ஊரார் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்ட விடுகிறார்கள். ஆனால் வேடந்தாங்கல் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு நேராக இருந்தால் காவல் நீடிக்கும் என்பது என் உத்தியோக அனுபவம்.

இப்படி எழுதி வைத்துக்கொள்வது எங்கள் பகுதிக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-லும் 921-லும் வெட்டியவை, குடவோலை முறையை விவரிப்பது எல்லோருக்கும் தெரியும். தேர்தலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எதற்காகத் தேர்தல் என்பதைப் பேசுவதில்லை. 30 குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து, தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று பிரித்தார்கள். 360 நாள் பதவி. தோட்டத்தைப் பார்க்க ஒரு குழு, ஏரியைப் பார்க்க ஒரு குழு, அதற்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்று எல்லாவற்றையும் கல்லில் எழுதினார்கள். இங்குள்ள வைரமேக தடாகம் அதற்கும் முந்திய பல்லவர் காலத்து ஏரி. ஏரி என்றால் அதற்கு ஒரு பொறுப்பாளன், அவனுக்கு ஒரு எழுத்து என்பது இந்த மண்ணில் ஊறிய வழக்கம். வேடந்தாங்கல்காரர்கள் கலெக்டரிடம் எழுத்து கேட்டதில் அந்த வாசனை இருக்கிறது.

கவுல் வாங்கியதோடு கதை முடியவில்லை. துரை மாறினால் உத்தரவும் மாறும் என்பது எல்லாக் காலத்துக்கும் பொது விதி. 1858-இல் ஊரார் மறுபடியும் போய், செங்கல்பட்டுக் கலெக்டரிடம் அந்த உரிமையைப் புதுப்பித்து வாங்கினார்கள். அந்த வருஷத்தை யோசித்துப் பாருங்கள். வடக்கே கலகம் அடங்கி, கும்பினி ஆட்சி போய், விக்டோரியா ராணியின் ஆட்சி வந்த வருஷம். முதல் கவுல் வாங்கியவர்களின் பேரப் பிள்ளைகள் காலம். தாத்தா வாங்கிய காகிதத்தின் மதிப்பு பேரனுக்குத் தெரிந்திருக்கிறது. சர்க்கார் ஆபீசில் பழைய ஃபைலைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் புரியும்.

அதன் பிறகு படிப்படியாகச் சட்டம் வந்தது. 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம். 1962-இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1998-இல் ஏரியும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரையுள்ள பரப்பும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஈரநிலங்களுக்கான உலக உடன்படிக்கை அது. ஈரான் நாட்டு ராம்சார் நகரத்தில் 1971-இல் கையெழுத்தானது. இதற்குள் ஜாகீர் செங்கல்பட்டு ஜில்லாவாகி, பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமாகி, 1997-இல் காஞ்சிபுரம் மாவட்டமாகி, 2019-இல் மதுராந்தகம் தாலுகாவோடு வேடந்தாங்கல் மறுபடி செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. ரப்பர் ஸ்டாம்பு மாறிக்கொண்டே இருக்கிறது. நாரை அதே மரத்துக்கு வருகிறது.

பறவையைப் பார்க்கும் முறையும் இதற்கிடையில் மாறியது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். நத்தைகுத்தி ஒன்றின் கண்ணைக் கட்டிவிட்டுப் பார்த்தாலும் அது நத்தையை எடுத்து உடைத்துத் தின்கிறது என்று அதில் குறித்திருக்கிறார். அலகின் சந்து பாக்குவெட்டிபோல நத்தையை நசுக்கத்தான் என்று ஜூலியன் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பிற்காலத்தில் சொன்னார். நேரில் உட்கார்ந்து கவனித்தவர்கள், அப்படியில்லை, வழுக்கும் ஓட்டைப் பிடிக்கவே அந்த அலகு, நுனியால்தான் சதையை உருவுகிறது என்றார்கள். குத்தி எடுக்கிறது என்று சொன்ன நம் குடியானவனின் பெயரே கடைசியில் சரியாக நின்றது. நம் காலத்தில் மா. கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பொறுமையாகக் கவனித்து எழுதினார்.

இன்று சுடுவதற்கு யாரும் போவதில்லை. புதுச்சேரிப் பூங்காவிலும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவிலும், இன்னும் எத்தனையோ கல்லூரி வளாகங்களிலும் பிள்ளைகள் பைனாகுலரும் கைபேசியுமாகப் பறவை எண்ணுகிறார்கள். 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒருவர் தம் வீட்டு மாடியிலிருந்து எண்ணினாலும் கணக்கில் சேரும். செடியையும் பறவையையும் கப்பலேற்றுவதற்காக ஏற்பட்ட தோட்டத்தில், ஒரு இறகைக்கூட எடுக்காமல் பெயரைக் குறித்துக்கொண்டு வருகிற தலைமுறை வந்துவிட்டது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு கவலையும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

பழைய கவுலுக்கு இரண்டு கால்கள். ஒரு கால் சர்க்கார் எழுத்து. மற்றொரு கால் ஏரிக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு. எழுத்து இன்று முன்னெப்போதையும்விடப் பலமாக இருக்கிறது. சட்டம், அரசாணை, சர்வதேசப் பட்டியல் எல்லாம் உண்டு. 2020-இல் அந்த 5 கிலோமீட்டர் எல்லையைக் குறைக்கும் யோசனை எழுந்தபோது எங்கெங்கிருந்தோ எதிர்ப்புக் குரல் வந்ததற்கும் அந்த எழுத்துதான் பிடிமானம். இரண்டாவது கால்தான் தேய்கிறது. உர மூட்டை கடையில் கிடைக்கிறது. அதனால் எச்சத்தின் மதிப்பு குறைந்தது. பூச்சி மருந்து அடித்த வயலில் நத்தை குறைகிறது. நாற்பது ஐம்பது வருஷமாக நான் பார்த்த நஞ்சைகள் பல, கல் நட்ட மனைகளாகிவிட்டன. மனை வாங்கியவருக்கு நாரை எச்சத்தால் என்ன பயன்? காரின் மேல் விழுந்தால் திட்டுவார்.

பறவை தங்குவது ஏரிக்குள்தான், தின்பது வெளியே. சரணாலய வேலிக்குள் எவ்வளவு காவல் போட்டாலும், உத்திரமேரூர், மதுராந்தகம், அச்சரப்பாக்கம் பக்கத்துச் சின்னச் சின்ன ஏரிகளும் வயல்களும் இல்லையென்றால் குஞ்சுக்கு இரை கிடையாது. ஆகவே வேடந்தாங்கலைக் காப்பது என்றால் வேடந்தாங்கலை மட்டும் காப்பதல்ல. ஆக்கிரமிப்பு ஏறாமல் நம் ஊர்த் தாங்கலைக் காப்பது, வரத்துக் கால்வாயை மூடாமல் விடுவது, நெல் விளைகிற நிலத்தை நெல் விளையவே விடுவது எல்லாம் அதில் சேரும்.

சொன்னராவுக்கு ஒரு காட்டுக்கோழி இருக்கிறது. லெஷனோவுக்கு ஒரு வௌவால் இருக்கிறது. கௌதாரிக்குப் பாண்டிச்சேரி இருக்கிறது. கவுல் வாங்கிய குடியானவர்கள் பெயரில் எந்தப் பறவையும் இல்லை. அவர்கள் பங்குக்குப் பறவையே மிஞ்சியிருக்கிறது.

வரும் மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கல் போகிறவர்கள் காட்சிக் கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கரையிலிருந்து மறுபக்கம் பாருங்கள். மதகைப் பாருங்கள், அதிலிருந்து போகும் வாய்க்காலைப் பாருங்கள், வாய்க்கால் போய்ச் சேரும் வயலைப் பாருங்கள். முடிந்தால் அங்கே வேலை செய்பவரிடம் இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போவது நல்லது. இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும் நேரம் அது. கூட்டம் பிடிக்காதவர்கள் கரிக்கிலிக்குப் போகலாம். உத்திரமேரூரிலிருந்து அதுதான் இன்னும் கிட்டே.